நல்ல தண்ணீரும் பாதுகாக்கப்பட்ட குடிநீரும்: சேலம் நாமக்கல் சமவெளியின் குழாய்நீர் வரலாறு

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளி ஊர்களில் தண்ணீர் இருவகைப்படும்: ஒன்று நல்ல தண்ணீர், மற்றொன்று உப்புத் தண்ணீர். முன்னது குடிப்பதற்கும் சமைப்பதற்கும் உரியது. பின்னது துவைப்பதற்கும் கால்நடைக்கும் பிற பயன்களுக்கும் உரியது. இவ்விரண்டையும் பிரித்தறியும் கருவி நாக்கு ஒன்றே. அலுவலக வழக்கிலோ வேறொரு தொடரைக் காண்கிறோம். அது 'பாதுகாக்கப்பட்ட குடிநீர்' என்பது. மக்கள் வழக்கும் அலுவலக வழக்கும் ஒரு பொருளையே குறிக்கின்றன என்று பலரும் கொள்வர். அவை இரண்டும் ஒன்றல்ல என்பதும், அவ்வேறுபாட்டை உணராமையாலேயே இப்பகுதிச் சிறுநகரங்களின் குழாய்நீர் வரலாறு பலவிடங்களில் இடறியது என்பதும் நம் கருத்து. அதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். குடிநீர் என்னும் சொல் தமிழ் மருத்துவ வழக்கில் மூலிகைகளை இட்டுக் காய்ச்சி இறுத்த மருந்தினைக் குறிக்கும். நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர் என்பன இன்றும் வழங்குகின்றன. அச்சொல்லே பின்னர்க் குடித்தற்குரிய நீர் என்னும் பொதுப்பொருளில் அலுவலகத் தமிழில் நிலைத்தது. ஊருணி என்பதோ மிகப் பழைய சொல்; திருக்குறளில் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் உவமையாக வருவது. ஊரார் உண்ணும் நீர்நிலை என்பது அதன் பொருள். குளிக்கவும் மாடு கழுவவும் விடாது குடிப்பதற்கென்றே நீர்நிலையைக் காத்துவரும் வழக்கம் பாண்டிநாட்டு ஊர்களில் உண்டு. ஆதலின் நீரைப் பாதுகாத்தல் என்னும் கருத்து ஆங்கிலேயரோடு வந்ததன்று. அவரோடு வந்தது, கண்ணுக்கும் நாவுக்கும் புலனாகாத ஒன்றிலிருந்து நீரைக் காக்க வேண்டும் என்னும் கருத்தேயாகும்.

சேலம் நகராண்மைக் கழகம் 1866ஆம் ஆண்டு தோன்றியது. நகருக்குக் குடிநீர் தரும்பொருட்டுப் பனைமரத்துப்பட்டி ஏரி 1911இல் அமைக்கப்பெற்றது. கிணற்றையும் குளத்தையும் நம்பியிருந்த நகரத்தின் தெருக்களில் இவ்வாறு குழாய் வந்தது. இதனைப் பொறியியல் செய்தியாக மட்டும் கருதுதல் பொருந்தாது. கிணறு தெருவுக்கும் சாதிக்கும் உரியதாக இருந்தது. இன்னார் இறைக்கலாம், இன்னார் இறைக்கலாகாது என்னும் வரம்பு அதற்கு உண்டு. குழாயோ ஓர் ஏரியின் நீரை எல்லாத் தெருவுக்கும் ஒன்றாகக் கொணர்வது. நிலத்தடியில் ஓடும் நீருக்குத் தீட்டு வரம்பு கட்ட இயலவில்லை. ஆகவே அதனைத் திறந்துவிடும் கையின்மீது வரம்பு கட்ட முற்பட்டனர்.

இராசகோபாலாச்சாரியார் 1917 முதல் 1919 வரை சேலம் நகராண்மைக் கழகத் தலைவராக இருந்தார். அக்கிரகாரத்துக் குழாய்நீரைத் திறந்துவிடும் பணிக்குத் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவர் அமர்த்தப்பெற்றமையை அங்குள்ளோர் எதிர்த்தனர் என்றும், தலைவர் அவ்வெதிர்ப்புக்கு இணங்கவில்லை என்றும் அவர்தம் வாழ்க்கை வரலாறு எழுதியோர் கூறுவர். நீர் கெட்டுவிட்டது என்று முறையிட்டோர் எந்தக் கேட்டைக் கருதினர் என்பது நோக்கத்தக்கது. நீரின் தூய்மை என்பது அந்நாளில் சேலத்தில் தொட்டவர் யார் என்னும் வினாவாகவே பெரும்பாலும் இருந்தது.

உலகின் பிற பகுதிகளில் அதற்குள் வேறு வினா எழுந்துவிட்டது. 1854இல் இலண்டனில் ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், ஒரு தெருக்குழாயின் நீரைப் பருகியோரிடையே வாந்திபேதி மிக்கிருந்ததைக் கண்டு காட்டினார். இராபர்ட்டு காக் 1884இல் கல்கத்தாவில் அந்நோயின் நுண்ணுயிரை ஒரு குளத்து நீரிற் கண்டார். 1892இல் நிகழ்ந்ததோ ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை. செருமனியில் ஆம்பர்க்கு நகரும் ஆல்டோனா நகரும் ஒன்றையொன்று ஒட்டியவை. இரண்டும் எல்பு ஆற்று நீரையே உண்டன. ஆம்பர்க்கு நீரை வடிகட்டாது வழங்கியது. ஆல்டோனா, ஆற்றின் கீழ்ப்புறத்தில் இருந்தும், மணற்படுகையில் வடித்து வழங்கியது. வாந்திபேதி ஆம்பர்க்கில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்று, நகர எல்லையோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. சென்னைக்குக் கீழ்ப்பாக்கத்தில் மணல்வடிகள் 1914இல் அமைந்தன. சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இல் நிறைவேறியது. குடிநீர் தருதல் உள்ளாட்சி மன்றங்களின் கடமை என்று அது விதித்தது.

மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பெற்றது. காலப்போக்கில் பனைமரத்துப்பட்டி ஏரி வறண்டது. சேலம் காவிரியையே நம்பலாயிற்று. 1936இல் நிறுவப்பெற்ற மேட்டூர் வேதித் தொழிற்சாலை பின்னர்க் குளோரினும் ஆக்கியது. நீரும் அதனைத் தூய்மை செய்யும் பொருளும் ஓரூரிலேயே கிடைத்தன என்று வேடிக்கையாகக் கூறலாம். நீரைத் தெளிவித்து, மணலில் வடித்து, குளோரின் இட்டுக் குழாயில் விடுதலே பாதுகாத்தல் என்று இக்காலத்தில் பொருள் நிலைபெற்றது. நுண்ணுயிரைப் பொறுத்தவரை இப்பொருள் செம்மையானது. ஆயினும் இச்சமவெளியின் நிலத்தடியில் வேறொன்று இருந்தது.

கருங்கற் பாறைகளிலும் அவற்றுள் அமைந்த சில கனிமங்களிலும் உள்ள புளோரைடு நீரிற் கரைந்து வரும். அளவு மிகுந்த நீரைக் குழந்தைப் பருவத்தில் பல்லாண்டு பருகினால், முளைக்கும் நிலைப்பற்களில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் தோன்றும். மேலும் மிகுந்து நெடுங்காலம் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகும். ஷார்ட்டு முதலிய மருத்துவ அறிஞர்கள் 1937இல், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்து ஊர்களில் இந்நோயைக் கண்டு எழுதினர். இந்தியாவில் இதனைப் பற்றிய முதல் ஆய்வாக அது கருதப்படுகிறது. பழைய சேலம் மாவட்டமும் இந்நோய் மிக்க பகுதியே. 1965இல் தருமபுரியும், 1997இல் நாமக்கல்லும் அதனினின்று பிரிந்தன. தருமபுரியினின்று 2004இல் கிருட்டிணகிரி பிரிந்தது. மாவட்டம் நான்காயினும் பாறை ஒன்றே. இந்தியத் தர அமைவனம் லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடையாதவிடத்து 1.5 மில்லிகிராமை எல்லையாகவும் வகுத்துள்ளது.

இனி, நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத செய்தி ஒன்றுண்டு. கால்சியம் மிக்க நீரில் புளோரைடு அதனோடு கூடிப் படிந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிக்க நீரிலேயே அது மிகுதியாகக் கரைந்து நிற்கும். கால்சியம் குறைந்த நீரோ மென்னீர். அதில் சவர்க்காரம் நுரைக்கும். பருப்பு விரைந்து வேகும். 'பருப்பு வேகிற தண்ணீர்' என்பது நம் பெண்டிர் நல்ல தண்ணீருக்கு வகுத்த இலக்கணம். புளோரைடுக்கோ இவ்வளவில் சுவையில்லை. நிறமும் மணமும் இல்லை. ஆகவே ஊரார் தேர்ந்து கொண்ட நல்ல தண்ணீரே சிற்சில இடங்களில் பல்லைக் கெடுத்த தண்ணீராகவும் இருந்திருத்தல் கூடும். எல்லா ஊர்க்கும் இவ்விதி பொருந்தும் என்று கூறோம். உவர்ப்பும் புளோரைடும் ஒருங்கே மிக்க கிணறுகளும் உள. எனினும் பன்னூறாண்டு பழகிய நாக்கும் அடுப்பும் இவ்வொரு வழக்கில் நல்ல நடுவர் அல்ல என்பது தெளிவு. நுண்ணுயிருக்குச் செய்யும் மருந்தும் இதற்கு உதவாது. குளோரின் புளோரைடை நீக்காது. காய்ச்சினாலோ நீர் குறைந்து புளோரைடின் செறிவு மிகும். நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் படிகாரமும் சுண்ணாம்பும் இட்டு நீக்கும் நல்கொண்டா முறையை வகுத்தது. ஆயினும் நாடோறும் அளந்து இடும் ஆளும், கசட்டை அகற்றும் ஏற்பாடும் இன்றி அம்முறை ஊர்களில் நிலைப்பது அரிது.

திறந்த கிணறுகள் வற்றியபின் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. இந்தியா முழுதும் சென்று துளையிடும் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு பெயர்பெற்ற ஊர் என்பதை இங்கு நினைவுகூரலாம். ஆழத்து நீர் பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீர். அதன் கரைபொருள் வேறு. நிலத்தடி நீரை விட்டு ஆற்று நீருக்குச் செல்வதே வழி என்னும் முடிவின் பயனாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எழுந்தது. 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்று, சப்பானிய நிதியுதவியோடு 2013இல் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குத் திறந்துவைக்கப்பெற்ற இதன் பெயரிலேயே புளோரைடு நோய்த் தணிப்பு இடம்பெற்றுள்ளது. குடிநீர்த் திட்டமொன்று தான் எந்நோய்க்கு மருந்து என்று பெயரிலேயே அறிவித்தமை அரிய செயலாகும். குடிநீர் என்னும் சொல்லின் பழைய மருத்துவப் பொருள் ஒருவாறு மீண்டது எனலாம். ஆயினும் சிறுநகரங்களில் ஆற்று நீர் குறையும் நாளில் ஆழ்துளைக் கிணற்று நீரே குழாயில் வருதல் உண்டு. அன்று குழாயில் வருவது எது என்று வீட்டாருக்குச் சொல்வார் இலர்.

ஆற்றுநீர் தன்னளவில் நன்னீரா என்பது அடுத்த வினா. சேலம் தனக்கு வேண்டிய நீரை மேட்டூரில் எடுக்கிறது. பயன்படுத்திய நீரில் பெரும்பகுதி நகரின் நடுவே ஓடும் திருமணிமுத்தாற்றில் சேர்கிறது. அவ்வாறு சாக்கடை நீரையும் சாயநீரையும் சுமந்து தென்பால் ஓடி, நாமக்கல் மாவட்டத்து நன்செய் இடையாற்றருகே காவிரியிற் கலக்கிறது. அதற்குக் கீழே மோகனூர். நாமக்கல் நகர் நெடுங்காலமாகக் குடிநீர் எடுத்துவரும் இடங்களுள் மோகனூர்க் காவிரி ஒன்று. மேலே குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆகிய நெசவு நகரங்களின் சாயப்பட்டறைகளுள் உரிமம் இன்றி நடப்பன கழிவை ஆற்றில் விடுவதும், அலுவலர் அவற்றை இடிப்பதும், அவை மீண்டும் முளைப்பதும் பல்லாண்டுச் செய்தி. சாயத்தின் நிறம் வெள்ளத்தில் மறையும். அதனோடு வந்த உப்பு மறையாது. மணல்வடியும் குளோரினும் கரைந்த உப்பை நீக்குவன அல்ல. ஆம்பர்க்கின் கதையில் கீழ்ப்புறத்து நகரைக் காத்தது மணல்வடி. காவிரியின் கீழ்ப்புறத்து நகரங்களுக்கு அது மட்டும் போதாது.

இறுதியாக, நீர் தொட்டியினின்று வீட்டை அடையும் தொலைவு. வரலாற்றாசிரியர் பெரிதும் பேசாத பகுதி இது. அணைக்கும் ஏரிக்கும் திறப்பு விழா உண்டு. தெருக்கோடிக் குழாய்க்கு இல்லை. நாள் முழுதும் நீர் ஓடும் குழாயில் உள்ளழுத்தம் இருப்பதால் வெளிக்கசிவு உட்புகாது. சிலநாட்கு ஒருமுறை சிலமணி நேரம் மட்டும் நீர் விடும் சிறுநகரில் குழாய் வெறுமையாகக் கிடக்கும். சாக்கடையை ஒட்டிய இடங்களில் விரிசல் வழியே அழுக்கு உட்புகும். நீர் வரும் வேளையில் வீட்டார் மோட்டார் வைத்து உறிஞ்சுவது அதனை மிகுவிக்கும். இதன் பொருட்டே குழாயின் கடைமுனையிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும் என்று தர அமைவனம் விதித்தது. 100 மில்லிலிட்டர் நீரில் மலக்குடல் நுண்ணுயிர் ஒன்றும் காணப்படலாகாது என்பதும் அதன் விதி. மேல்நிலைத் தொட்டியின் அடியில் எடுத்த நீர் இவ்விதியை நிறைவு செய்தது என்பது தெருக்கோடி வீட்டுக்குச் சான்றாகாது. 'பாதுகாக்கப்பட்ட' என்னும் எச்சம் இறந்தகாலத்தது. ஒருகால் காக்கப்பட்டது என்பதை உணர்த்துமேயன்றி இன்றும் இவ்விடத்தும் காக்கப்படுகிறது என்பதை உணர்த்தாது. இலக்கணம் பயின்றார்க்கு இது விளங்கும்.

குளோரின் மணம் வீசும் நீரை மக்கள் 'மருந்துத் தண்ணீர்' என்று வெறுத்து ஒதுக்குவதையும் காண்கிறோம். கடைமுனையில் காக்கும் பொருள் எஞ்சியுள்ளது என்பதற்கு அம்மணமே நாவும் மூக்கும் தரவல்ல ஒரே சான்று. அதுவே குற்றமாகக் கொள்ளப்பட்டது.

இன்று இவ்வூர்களில் 20 லிட்டர் கேன் தண்ணீர் வீடுதோறும் வருகிறது. முறையாகச் சவ்வூடு வடித்த நீராயின் புளோரைடும் உப்பும் அதிற் பெரிதும் நீங்கியிருக்கும். வாங்குவோர் அதனைத் தேர்வது அது கருதியன்று, சுவை கருதியே. இதனால் சொல்வழக்கும் மாறி வருகிறது. கேனில் வருவதே நல்ல தண்ணீர் என்றும், குழாயில் வருவது புழங்குகிற தண்ணீர் என்றும் வழங்கக் கேட்கிறோம். கேனுக்கு விலை தர இயலாத வீடுகளில் குழாய்நீரே இன்னும் நல்ல தண்ணீர். ஒரே தெருவில் ஒரே நீருக்கு இரு பெயர் வழங்குகின்றன.