ஐக்கிய இறையியல் கல்லூரி, பெங்களூரு

இறைப்பணிக்கான அழைப்பை ஏற்றோரைக் குருத்துவ ஊழியத்துக்கு ஆயத்தப்படுத்தும் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டு நிறுவனம். பெங்களூரு மில்லர்ஸ் சாலையில் உள்ளது. செராம்பூர் கல்லூரி ஆட்சிப்பேரவையுடன் இணைந்தது. பல மிஷன் சங்கங்கள் சேர்ந்து 1910இல் நிறுவின. முதல் முதல்வர் டென்மார்க்கைச் சேர்ந்த எல். பி. லார்சன், 1954இல் பொறுப்பேற்ற ஜே. ரசல் சந்திரன் முதல் இந்திய முதல்வர்.

இக்கல்லூரிக்கு மாணவர்களை அனுப்பும் தென்னிந்தியத் திருச்சபையின் மரபில் ஒருவரின் உள்ளுணர்வு மட்டுமே அழைப்பாகிவிடாது. சபையார் அவர் வாழ்க்கைக்குச் சான்று தரவேண்டும். திருமண்டலம் அவரைத் தேர்ந்து இறையியல் படிப்புக்கு அனுப்பவேண்டும். பயிற்சி முடிந்தபின் பேராயர் தலையில் கைவைத்து முதலில் உதவி குருவாகவும், பின்னர் குருவாகவும் அபிஷேகம் செய்கிறார். இந்தக் கூட்டுச் சோதனையே அழைப்புக்கு உறுதி தருகிறது. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்கு நெடுங்காலம் முன்பே வெவ்வேறு மிஷன்களின் மாணவர்களை ஒரே வகுப்பில் அமர்த்தியது இக்கல்லூரியின் தலையாய சிறப்பு.