சத்திரத்துச் சாலையில் மூன்று நாள்

தஞ்சாவூரிலிருந்து மனோரா எழுபது கிலோமீட்டருக்குள்தான். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். போன தை மாதம் நானும் என் மனைவியும் அதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டோம். பழைய கார், ஒரு சின்ன கேஸ் அடுப்பு, இரண்டு பாய், ஒரு தண்ணீர்க் குடம். "இந்த வயசில் இது தேவையா?" என்று மகன் கேட்டான். தேவைதான்.

என் கொள்ளுத்தாத்தா இதே சாலையில் மாட்டு வண்டியில் ராமேஸ்வரம் போனவர். இருட்டினால் எங்கே தங்குவது என்ற கவலை அவருக்கு இருந்ததில்லை என்று அத்தைப் பாட்டி சொல்லுவாள். வழியெல்லாம் தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்கள்.

முதல் நாள் ஒரத்தநாட்டில் நிறுத்தினோம். முக்தாம்பாள் நினைவாக இரண்டாம் சரபோஜி 1802-ல் எழுப்பிய சத்திரம் அங்கே இருக்கிறது. சரபோஜி 1799-ல் ஆட்சியைக் கம்பெனியிடம் ஒப்படைத்தவர். நாடு போயிற்று. ஆனாலும் 1801-ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு அவர் எழுதிய கடிதம், சத்திரங்களுக்காக வாதாடுகிற கடிதம். எந்தச் சாதி வழிப்போக்கருக்கும் அங்கே சோறு உண்டு, நோயாளிக்கு வைத்தியம் உண்டு, வழியில் பிரசவ வலி கண்டவளுக்குக் கவனிப்பு உண்டு, அநாதைப் பிள்ளைக்குப் படிப்பு உண்டு என்று அதில் விவரிக்கிறார். ராஜ்யத்தை விட்டவருக்கு இதை விட மனம் வரவில்லை.

பிறகு ரயில் வந்தது. 1914-ல் பாம்பன் பாலமும் திறந்தார்கள். வண்டி கட்டிப் போகிறவர்கள் குறைந்தார்கள். சத்திரங்களில் ஆளரவம் அடங்கியது.

அன்று ராத்திரி ஒரு புளியமரத்தடியில் ரசமும் சுட்ட அப்பளமும். சாலையில் பாதியை அடைத்துச் சம்பா நெல் காய்ந்துகொண்டிருந்தது. கொள்ளுத்தாத்தா இதைப் பார்த்திருக்க மாட்டார். 1934-ல் மேட்டூர் அணையோடு கல்லணைக் கால்வாய் வந்த பிறகுதான் இந்த மேட்டுப் பக்கம் காவிரித் தண்ணீரைக் கண்டது. அதுவரை வானம் பார்த்த பூமி.

பட்டுக்கோட்டை தாண்டினால் தென்னை. 2018 கஜா புயலில் சாய்ந்தவற்றுக்குப் பதில் வைத்த கன்றுகள் இப்போது ஆள் உயரம் தாண்டி நிற்கின்றன. இரண்டாம் நாள் ஒரு தோப்பில், மோட்டார் கொட்டகைத் திண்ணையில் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். தோப்புக்காரப் பெரியவர் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தார். காலையில் நாலு இளநீர் வெட்டி வைத்தார். காசு நீட்டினேன்.

"என்னங்கய்யா இது? வழியில வந்தவங்க கிட்ட காசு வாங்குறதா?" என்று கையைத் தள்ளிவிட்டார்.

மூன்றாம் நாள் சேதுபாவாசத்திரம் வழியாக மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காக அதே சரபோஜி கடலோரம் எழுப்பிய கோபுரம். ஊர் பார்க்க எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பெரியவர் தள்ளிவிட்ட கையில்தான் சரபோஜி தெரிந்தார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்தச் சத்திரத்தில் தங்கினார்கள் என்று நினைவிருந்தால் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.