கிளைத் தலைவரின் தொழில்: பன்னாட்டு முன்னாள் மாணவர் சங்கங்கள் குறித்து அண்ணனூரிலிருந்து ஓர் ஆய்வு

1. பொருள்

ஒரு கல்லூரியில் படித்தவர்கள் கடல் கடந்து பரவியதும் போன இடத்தில் எல்லாம் சங்கக் கிளை தொடங்குகிறார்கள். தாய்ச் சங்கம் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும். லண்டன், டொராண்டோ, சிட்னி, துபாய் என்று கிளைகள் விரியும். அந்தக் கிளைகளின் தலைவர்கள் என்ன தொழில் செய்கிறவர்கள், ஏன் அந்தத் தொழிலினரே தலைவர்களாகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. படிப்பில் முதலிடமோ பெரிய கொடையோ தலைமையைத் தந்துவிடுவதில்லை என்பது என் முடிவு. தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் தொழில் யாருக்கு வாய்த்ததோ அவரிடமே தலைமை போய்ச் சேர்கிறது. அத்தகைய தொழில் யாருக்கு வாய்க்கும் என்பதைக் குடியேற்றச் சட்டங்களும் அரசாங்க வேலைவாய்ப்பும்தான் பெரிதும் தீர்மானித்திருக்கின்றன.

2. சர்க்கார் உத்தியோகக் காலம்

கிண்டிப் பொறியியல் கல்லூரியின் தொடக்கம் 1794இல் சென்னையில் ஏற்பட்ட நில அளவைப் பள்ளி. 1859இல் அது சிவில் பொறியியல் கல்லூரியாயிற்று. 1920இல் கிண்டி வளாகத்துக்கு வந்தது. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோருக்குப் பொதுப்பணித் துறை, ரயில்வே, மின்வாரியம் ஆகியவையே போக்கிடம். சங்கத்திலும் அந்தப் பதவி வரிசையே தொடர்ந்தது. அலுவலகத்தில் தலைமைப் பொறியாளராக இருந்தவர், ஓய்வுபெற்றபின் சங்க மேடையிலும் நடு நாற்காலியில் அமர்வது இயல்பாகிவிட்டது. ஓய்வூதியமும் ஓய்வு நேரமும் ஒருங்கே கிடைத்த முதல் தலைமுறை அது.

3. யாழ்ப்பாணத்துப் பழைய மாணவர்கள்

இந்த ஆய்வுக்கு மிக வளமான களம் யாழ்ப்பாணக் கல்லூரிகள். 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். பின்னாளில் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். ஆசிரியர், வழக்கறிஞர், நீதிபதி என்ற வரிசை அன்றே உருவாகிவிட்டது. பிரிட்டிஷ் ஆட்சியில் மலாயா ரயில்வேயும் அரசாங்க அலுவலகங்களும் ஆங்கிலம் படித்த எழுத்தர்களைத் தேடியபோது யாழ்ப்பாணத்து இளைஞர்கள் கப்பலேறினார்கள். நிலைய அதிபர்களாகவும் கணக்கர்களாகவும் இருந்து ஊர் திரும்பிய 'மலாயா பென்சன்காரர்' யாழ்ப்பாணத்துக் கிராம வாழ்வில் தனி மதிப்புப் பெற்றவர்.

அடுத்த அலையை அரசியல் உண்டாக்கிற்று. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த பல்கலைக்கழகத் தரப்படுத்தல், மருத்துவத்திலும் பொறியியலிலும் தமிழ் மாணவரின் இடங்களைக் குறைத்தது. பிரிட்டனின் தேசிய நலச் சேவைக்கோ தெற்காசிய மருத்துவர்கள் தேவைப்பட்டார்கள். உள்நாட்டில் இடம் கிடைக்காத மாணவர் பலர் லண்டனுக்குப் போய்க் கணக்காளர் தேர்வுகள் எழுதினார்கள். லண்டன் கிளைகளின் மேடைகளில் டாக்டர், என்ஜினியர், அக்கவுண்டன்ட் ஆகிய மூவரும் நெடுங்காலம் நிலைத்ததற்குக் காரணம் இதுதான். இதைப் பெருமை என்று மட்டும் படிப்பது போதாது. பறிக்கப்பட்ட வாய்ப்பின் சுவடும் அதில் இருக்கிறது.

இலங்கையில் 1983 ஜூலையில் நடந்த தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்குப் பின் போனவர்களின் கதை வேறு. கனடாவுக்கு அகதிகளாகச் சென்ற பலர், படித்த படிப்புக்கு அங்கே மதிப்பில்லாமல் தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்தார்கள். அவர்களில் ஒரு சாரார் பின்னர் பலசரக்குக் கடை, காப்புறுதி, வீட்டுக்கடன், வீடு விற்பனை முகவர் தொழில்களில் ஊன்றினார்கள். டொராண்டோவில் வெளிவரும் ஆண்டு மலர் ஒன்றைக் கையில் எடுத்தால் இது விளங்கும். அதிபரின் ஆசிச் செய்தி, தலைவர் உரை, பழைய கிரிக்கெட் அணியின் மங்கலான படம். அடுத்து பக்கம் பக்கமாக விளம்பரங்கள். கோட்டு அணிந்து புன்னகைக்கும் வீட்டு முகவர், பக்கத்திலேயே நகைக்கடை, அதற்கடுத்து வழக்கறிஞர். முகவர் தொழிலுக்கு ஆள் அறிமுகம் முதல். சங்கத்துக்கும் அதுவே வேண்டும். இரு தரப்பின் தேவையும் ஒன்றாகும்போது தலைமை அங்கே செல்வதில் வியப்பில்லை. இதைச் சுயநலம் என்று தள்ளுவோர் உண்டு. நான் ஒப்பமாட்டேன். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுபவரும், விழா முடிந்தபின் நாற்காலி அடுக்குபவரும் பெரும்பாலும் இவர்களே.

4. அமெரிக்கா

1965இன் குடியேற்றச் சட்டம் மருத்துவருக்கும் பொறியாளருக்கும் கதவைத் திறந்தது. 1990இன் சட்டத்தால் வந்த எச்-1பி விசா மென்பொருளாளரை அழைத்துக்கொண்டது. மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959இல் தோன்றிய சென்னை ஐ.ஐ.டி.யின் பட்டதாரிகள் அங்கே பேராசிரியர்களும் நிறுவனத் தலைவர்களும் ஆனார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தமிழ் இருக்கை, அதாவது தமிழ்ப் பேராசிரியர் பதவி, இங்கே நல்ல சான்று. அதற்குத் தேவைப்பட்டது 60 லட்சம் டாலர். 2015இல் தலைக்கு 5 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்த வி. ஜானகிராமன், சு. சம்பந்தம் இருவருமே மருத்துவர்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் தந்தது. உலகெங்குமிருந்து எளியவர்களும் சிறு தொகைகள் அனுப்பினார்கள். கொடுத்தவர்கள் பல தொழிலினர். முன்னின்று தொடங்க முடிந்ததோ சொந்தமாகத் தொழில் நடத்தும் நிலையில் இருந்தவர்களால்தான்.

5. அண்ணனூர்

திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள சிறு ரயில் நிலையம் அண்ணனூர். புறநகர் மின்தொடர்களைப் பராமரிக்கும் பணிமனை இங்கே இருக்கிறது. 1961இல் அமைந்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை ஆகியவற்றுக்கு இந்தத் தடத்தில்தான் மூன்று தலைமுறை வேலைக்குப் போயிற்று. ஃபிட்டர், டர்னர், வெல்டர் வீட்டுப் பிள்ளைகள் ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் சேர்ந்தார்கள். 1980களின் நடுவிலிருந்து பெருகிய சுயநிதிக் கல்லூரிகளும், 2010இல் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரி கட்டணச் சலுகையும் அவர்களில் பலரைப் பொறியாளர்களாக்கின.

இவர்களும் வெளிநாடு போகிறார்கள். ஆனால் எந்தக் கிளையின் தலைவர் பட்டியலிலும் இவர்களைக் காண்பது அரிது. வளைகுடாவில் வெல்டிங் மேற்பார்வையாளராக இருப்பவருக்குக் கம்பெனி குடியிருப்பு நகருக்கு வெளியே இருக்கும். ஆண்டு விருந்து நகர நடுவில் ஓட்டலில் நடக்கும். 2022இல் அமீரக அரசு அலுவலகங்கள் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறின. கட்டுமானத் தளத்தில் இருப்பவருக்குச் சனிக்கிழமையும் வேலை நாளே. இணையவழிக் கூட்டத்திலும் இதே கதைதான். நியூஜெர்சியில் கோடைக்காலச் சனிக்கிழமை இரவு 9 மணிக்குக் கூடினால் இங்கே ஞாயிறு காலை 6:30. இரவு ஷிப்ட் முடித்து டிபன் டப்பாவுடன் வீடு திரும்புகிறவரிடம் அந்த நேரத்தில் தீர்மானத்துக்குக் கருத்துக் கேட்பது நியாயமாகாது.

6. பெண்கள்

கிண்டியில் 1940களிலேயே மின்பொறியியல் முடித்தவர் ஏ. லலிதா, இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர். கைக்குழந்தையுடன் கணவரை இழந்தபின் படித்தவர். 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டில் பங்கேற்றார். அவருக்குப் பின் எத்தனையோ ஆயிரம் பெண்கள் படித்து வந்துவிட்டார்கள். ஆனால் கிளைகளில் அவர்களுக்குக் கலைநிகழ்ச்சிப் பொறுப்பும் உணவுப் பொறுப்பும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. அலுவலக வேலைக்கு மேல் வீட்டு வேலையும் சுமப்பவருக்குத் தன் நேரத்தின்மீது உரிமை குறைவு. இங்கும் அதே விதிதான் செயல்படுகிறது.

7. செய்ய வேண்டுவன

சங்கங்கள் தங்கள் மலர்களில் கிளைப் பொறுப்பாளர்களின் பெயரோடு படித்த ஆண்டையும் தொழிலையும் தவறாமல் அச்சிட வேண்டும். புலம்பெயர்வு வரலாறு எழுத அதைவிட நல்ல ஆவணம் எளிதில் கிடைக்காது. செயற்குழுவில் ஷிப்ட் வேலை செய்யும் ஒருவருக்கேனும் இடம் ஒதுக்குங்கள். அவரிடம் கேட்டுக் கூட்ட நேரத்தைக் குறியுங்கள்.