மதுரைப் பிள்ளைகளின் ஓட்டமும் அதை அளக்க வந்த கருவியும்

குழந்தைகள் ஒரு நாளில் எவ்வளவு ஓடியாடுகிறார்கள் என்பதை நிமிடக் கணக்கில் அளந்து, அதை இதய நலத்தோடு பொருத்திப் பார்க்கும் வழக்கம் மிக அண்மைக் காலத்தது. அளக்கப்படும் அந்த ஓட்டத்துக்கோ, மதுரையிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும், நெடிய வரலாறு உண்டு. அது பெரும்பாலும் தண்ணீர் வற்றிய இடங்களின் வரலாறாக இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் வைகை, கோடையில் வெடித்துக் கிடக்கும் கண்மாய்கள், திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஆகியவையே, மைதானம் என்று எவரும் ஒதுக்காத காலத்தில் பையன்களுக்கு மைதானங்களாயின. தெப்பக்குளம் வறண்டு கிடந்த ஆண்டுகளில் மைய மண்டபத்தைச் சுற்றிப் பல கிரிக்கெட் ஆட்டங்கள் ஒரே வேளையில் நடந்தது பலர் கண்ட காட்சி. பனையூர்க் கால்வாய் வழியாக இப்போது அங்கே நீர் தேங்குவது நிலத்தடி நீருக்கு நல்லதே. பிட்ச் மட்டும் நீருக்கடியில் போயிற்று.

பெண் பிள்ளைகளுக்கு ஆற்றுமணல் அவ்வளவாக வாய்க்கவில்லை. அவர்களது களம் தெருவும் வாசலும்தான். விளையாட்டு பெரும்பாலும் பாண்டி. கட்டம் விட்டுக் கட்டம் ஒற்றைக் காலில் நொண்டி, சில்லைக் கோட்டில் படாமல் தள்ளிக்கொண்டு போகும் இவ்விளையாட்டு மூச்சிரைக்க வைப்பது. மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டே எதிரணியின் எல்லைக்குள் புகுந்து திரும்பும் சடுகுடுவுக்கு அது உழைப்பில் அதிகம் குறைந்ததன்று. இரண்டுமே சில நொடிப் பாய்ச்சல்களும் இடையிடையே நிற்றலும் கலந்தவை என்பதைப் பின்னர் வரும் அளவைச் சிக்கலுக்காக நினைவில் கொள்ள வேண்டும்.

இதைக் கொண்டு அக்காலப் பிள்ளைகள் எல்லாரும் உரமான நெஞ்சோடு வளர்ந்தார்கள் என்று முடிவுகட்டுவது பிழையாகும். சுங்குடிச் சேலைக்குப் புள்ளி புள்ளியாக நூல் முடிச்சுப் போடுவது மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து செய்யும் வீட்டுவேலை. மதுரையின் ஹார்வி பஞ்சாலை ஓடத் தொடங்கிய காலத்தில் நடப்பிலிருந்த 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமோ, 9 வயது நிறைந்த பிள்ளையிடம் நாளுக்கு 7 மணி நேரம் வேலை வாங்க இடமளித்தது. அன்றைய ஏழைப் பிள்ளையின் இதயத்தைக் கெடுத்ததும் அசைவின்மையன்று; கவனியாமல் விட்ட தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வந்து இதய வால்வுகளைச் சிதைக்கும் ருமாட்டிக் காய்ச்சலே அதில் முதன்மையானது.

உடற்பயிற்சி பள்ளிப் பாடமானதில் 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்குப் பெரும் பங்குண்டு. டிரில் வாத்தியார் என்றும் பின்னர் பி.டி. மாஸ்டர் என்றும் அழைக்கப்பட்ட ஆசிரியர்கள் கையில் விசிலோடு வந்து, ஓட்டத்தை நேர அட்டவணைக்குள் கொண்டுவந்தனர். பத்தாம் வகுப்பை எட்டியதும் அந்த பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வதும், அது ஒருபோதும் திரும்பி வராததும் தமிழ்நாடு அறிந்த கதை. மேலும், பள்ளி அளந்தது எத்தனை விநாடியில் ஓடினான், எவ்வளவு தாண்டினான் என்னும் திறனையே. நாள் முழுதும் அசைந்த அளவு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

நாள் முழுதுமான அசைவை அளக்கும் தேவை மருத்துவத்திலிருந்து எழுந்தது. 1953இல் லண்டனில் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ், மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கும் நடத்துநர்களைவிட உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு மிகுதி என்று காட்டினார். அதே ஆண்டில், கொரியப் போரில் மாண்ட இளம் அமெரிக்க வீரர்களின் உடற்கூறாய்வு, இருபதுகளிலேயே இதயத் தமனிகளில் கொழுப்புப் படிவு தொடங்கிவிடுவதை வெளிப்படுத்தியது. 1973இல் லூசியானாவில் தொடங்கிய போகலூசா ஆய்வு அத்தடத்தைக் குழந்தைப் பருவம்வரை பின்னோக்கிக் கொண்டு சென்றது. டென்மார்க், எஸ்டோனியா, போர்ச்சுகல் நாடுகளின் 9, 15 வயதுப் பிள்ளைகளைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வில், குறைவாக அசைந்தவர்களிடம் ரத்த அழுத்தம், இன்சுலின், கொழுப்பு முதலிய அபாயக் குறிகள் ஒருங்கே கூடியிருந்தன. பரிந்துரைக்கப்பட்டிருந்த 60 நிமிடம் போதாது, 90 நிமிடமாவது வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

இவ்வாய்வில் பயன்பட்ட முடுக்கமானி, இடுப்பில் பட்டையோடு கட்டப்படும் சிறு பெட்டி. உடல் குலுங்கும் வேகமாற்றத்தை எண்ணாக்கிச் சேமிப்பது. தென்னிந்தியாவில், மைசூரில் நடந்த பார்த்தினான் என்னும் ஆய்வில் சேர்ந்த குழந்தைகள் அதை அணிந்தனர். நிமிடத்துக்கு ஒரு தொகை என அது கூட்டும்போது சடுகுடுவின் பாய்ச்சல் நிற்றலோடு கலந்து மிதமாகிவிடும். குழந்தைகளின் தீவிர அசைவுகளில் 95 விழுக்காடு 15 விநாடிக்கும் குறைவானவை என்று 1995இலேயே அமெரிக்காவில் நேரில் பார்த்துக் குறித்திருந்தனர். இடுப்பில் நிறைகுடம் வைத்து நடக்கும் சிறுமிக்கும் வெறுங்கையோடு நடப்பவளுக்கும் கருவி ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் தரும். கிணற்றில் குதிப்பவன் அதைக் கழற்றி வைத்துவிடுவான்.

சைக்கிள் மிதிக்கையில் இடுப்பு அதிகம் குலுங்குவதில்லை என்பதால், 2001-02இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் விரிந்த அரசின் விலையில்லா மிதிவண்டியில் மதுரையை அடுத்த மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பள்ளிக்குச் செல்லும் மாணவியின் உழைப்பும் அதில் பெருமளவு விடுபடும். இதனாலேயே பிந்தைய ஆய்வுகள் சில விநாடிக்கொரு தொகை எடுக்கும் கருவிகளையும், இதயத் துடிப்பைச் சேர்த்துப் பதிபவற்றையும், கழற்றி வைத்த நேரத்தில் பிள்ளை என்ன செய்தது என்று வீட்டார் எழுதும் குறிப்பேட்டையும் நாடின.