எதனால் கட்டினார்கள்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் கட்டடங்களை ஒளிப்படத்தில் ஆவணப்படுத்தல்

1. ஆய்வுப் பொருள்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் உள்ள மண்டகப்பட்டில் ஒரு சிறு குடைவரை இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. விசித்திரசித்தன் என்ற தன் பட்டப் பெயரோடு அவன் அங்கே பொறித்து வைத்த வடமொழிக் கல்வெட்டு, அந்தக் கோயிலில் எவை இல்லை என்று சொல்கிறது: செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணச்சாந்து இல்லை. அயன், அரன், அரி மூவருக்கும் உரிய இடம் இந்த நான்கும் இன்றி எடுக்கப்பட்டது என்பதே அவன் பெருமிதம்.

தன் கட்டுமானப் பொருளைத் தானே பேசும் கட்டடத்தைப் படமெடுப்பவர் எதைக் காட்ட வேண்டும்? இந்த வட்டாரக் கட்டடப் படங்களில் பெரும்பாலானவை உயரத்தையும் அழகையும் காட்டுகின்றன. எதனால், எப்படிக் கட்டினார்கள் என்பதைக் காட்டுபவை குறைவு. பாறை, அடுக்கிய கல், செங்கல்லும் சுதையும், அழுத்திய மண் என 1,400 ஆண்டுக் கட்டுமான வரலாறு ஒரே மாவட்டத்துக்குள் கிடக்கிறது. இங்கே எடுக்கும் படம் முதலில் பொருளுக்குச் சாட்சியாக இருக்க வேண்டும். அழகு அதன் வழியாகவே வரும் என்பது என் துணிபு.

2. ஒளி: திசையும் மாதமும்

கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் வெயிலைப் பற்றிப் பேச வேண்டும். விழுப்புரமும் திண்டிவனமும் ஏறத்தாழ 12 பாகை வட அகலக்கோட்டில் உள்ளன. ஆகவே சித்திரை நடுவிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை உச்சிவெயில் வடக்கே சாய்ந்து நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாயும். ஐப்பசி முதல் மாசி வரை எந்த நேரத்திலும் வடசுவரில் நேர் வெயில் விழாது.

கிழக்கு நோக்கிய சோழர் கோயில் ஒன்றில் இதன் விளைவைப் பாருங்கள். தென்சுவர்த் தேவகோட்டத்துத் தட்சிணாமூர்த்திக்கு மார்கழி, தை மாதங்களில் நல்ல சாய்வொளி கிடைக்கும். வடசுவரில் நிற்கும் பிரமனும் துர்க்கையும் அப்போது நிழலில் இருப்பார்கள். ஒரே நாளில் கோயில் முழுவதையும் எடுத்து முடிக்க நினைப்பவருக்குப் பாதிக் கோயில்தான் கிடைக்கும். குளிர்காலத்தில் ஒரு முறை, ஆனி ஆடியில் ஒரு முறை என இரண்டு பயணம் வேண்டும். வைகாசிக் காலையிலும் மாலையிலும் வடசுவரை உரசிக்கொண்டு போகும் வெயிலில் உளித்தடம், இணைப்புக் கோடு, பூமாலை வரிகளின் ஆழம் எல்லாம் எழும்பி வரும்.

தளவானூரில் மகேந்திரன் குடைவித்த சத்துருமல்லேசுவரம் தெற்கு நோக்கியது. மார்கழியில் சூரியன் உச்சிப் பொழுதிலும் ஏறத்தாழ 55 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. முகப்பின் மேலுள்ள மகர தோரணமும் கூடுகளும் அப்போது தெளிவாக நிழல் பிரிந்து தெரியும். கோடையில் அதே முகப்பு உச்சி வேளையில் மங்கிப்போகும்.

3. பொருள்வழிப் பகுப்பு

3.1 குடைந்தவை

மண்டகப்பட்டில் பலரும் எடுப்பது முகப்பின் இரு கோடிகளிலும் நிற்கும் வாயிற்காவலரைத்தான். தமிழகக் கற்கோயில்களின் மிகப் பழைய துவாரபாலகர்களில் அவர்கள் அடங்குவதால் அது நியாயமே. ஆனால் சதுரம், கட்டு, சதுரம் என்று பிரியும் தூண், பின்சுவரில் வெறுமையாக இருக்கும் மூன்று அறைகள், முகப்புக்கு மேலே செதுக்காமல் விட்ட பாறை ஆகியவை விடுபடுகின்றன. செதுக்காத பாறை படத்தில் இல்லையென்றால் அது குடைவரை என்பதே பார்ப்பவருக்குத் தெரியாது. ஏதோ ஒரு மண்டபம் என்றுதான் தோன்றும். எனவே முதல் படத்தைத் தள்ளி நின்று, பாறை முழுதும் அடங்க எடுக்க வேண்டும்.

3.2 அடுக்கியவை, சுவர் என்னும் ஏடு

இராசசிம்மப் பல்லவன் பனமலைக் குன்றின் மேல் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலில் கல் அடுக்கும் முறை முதிர்ந்து நிற்கிறது. அங்கே பக்கச் சிற்றாலயம் ஒன்றில் உமையின் ஓவியம் எஞ்சியிருக்கிறது: ஒரு கால் மடித்து, சுவரில் சாய்ந்து, தலைக்கு மேலே குடையோடு. பல்லவர் ஓவியங்களில் நமக்கு மிஞ்சிய மிகச் சிலவற்றுள் இது ஒன்று. இங்கே பிளாஷ் கூடவே கூடாது. கேமராவை அசையாமல் வைத்து, திறப்பு நேரத்தை நீட்டி, கிடைக்கிற மங்கலான ஒளியிலேயே எடுக்க வேண்டும். உதிர்ந்த காரையின் விளிம்பும் சட்டத்துக்குள் வரட்டும். எவ்வளவு போய்விட்டது என்பதும் செய்திதான்.

எண்ணாயிரத்துச் சுவர் வேறு வகை. அங்குள்ள முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு, 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்த ஒரு கல்விச்சாலையைப் பற்றிய விவரங்களைத் தருகிறது. இத்தகைய சுவரை எடுக்க முன்மாதிரி உண்டு. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞரான லின்னேயஸ் டிரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். மெழுகுத் தாள் நெகட்டிவில், கனமான பெட்டிக் கேமராவோடு செய்த வேலை அது. இன்று அதைச் செய்வது எளிது: சுவருக்கு இணையாக நகர்ந்து, ஒவ்வொரு படமும் முந்தையதன் மூன்றில் ஒரு பங்கை மீண்டும் அடக்கும்படி எடுத்தால் போதும். மைப்படி எழுத்தைத் தரும். எழுத்தைச் சுமக்கும் கல்லின் நிறம், வெடிப்பு, மேலே பூசிய சுண்ணாம்பு ஆகியவற்றைப் படம்தான் தரும். திருப்பணி என்ற பெயரில் பல ஊர்களில் மணல் வீச்சால் எழுத்து மழுங்கிப்போன அனுபவம் நமக்கு இருக்கிறது. குடமுழுக்குக்கு நாள் குறித்த கோயிலுக்குச் சாரம் கட்டும் முன்பே போய்விட வேண்டும்.

3.3 செங்கல்லும் சுதையும்: செஞ்சி

2025 சூலையில் மராட்டியர் படைத்தள நிலக்காட்சிகள் என்ற தொகுப்பில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த 12 கோட்டைகளுள் தமிழகத்தில் இருப்பது செஞ்சி ஒன்றே. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளும் அவற்றை இணைக்கும் மதிலும் சேர்ந்ததுதான் கட்டடம். அதைத் தூரத்திலிருந்து மட்டுமே ஒரே படத்தில் அடக்க முடியும். கல்யாண மகால் அதற்கு நேர்மாறு. மாடி மேல் மாடியாக எழுந்து கூம்பாக முடியும் அந்தக் கோபுரத்தை அருகில் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்து எடுத்தால் சுவர்கள் உள்நோக்கிச் சாயும். கேமராவை மட்டமாக வைத்து, எதிர்த் தாழ்வாரத்திலிருந்தோ ஷிப்ட் லென்ஸ் கொண்டோ எடுக்க வேண்டும். சுதை உதிர்ந்து செங்கல் தெரியும் இடங்களைத் தேடி எடுப்பது என் வழக்கம். வளைவு எப்படித் தாங்குகிறது என்று அங்கேதான் புரியும்.

கோட்டைக்குள் இருக்கும் வேங்கடரமணர் கோயிலுக்கு வந்தால், அதன் படத்தொகுப்பைச் செஞ்சிக்குள் முடிக்க முடியாது. பிரெஞ்சுக்காரர் செஞ்சித் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. சிலைக்குப் பின்னணியாகவே அவை எத்தனையோ படங்களில் இருக்கின்றன. அவற்றைத் தூண்களாக, செஞ்சியில் எஞ்சிய தூண்களோடு அதே உயரத்தில் அதே கோணத்தில் எடுத்து அருகருகே வைக்க வேண்டும்.

3.4 மண்ணுக்குத் திரும்பியவை

1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்து வானூர்ப் பக்கம் இருக்கிறது. ரோஜர் ஆஞ்செர் வடிவமைத்த 36 மீட்டர் விட்டமுள்ள மாத்ரிமந்திர்தான் அங்கே அதிகம் படமாவது. அதன் பொன்தகடுகள் வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். மேகம் மூடிய நாளில் எடுத்தால் ஒவ்வொரு தகட்டின் வளைவும் தெரியும். உள்ளறையில் படமெடுக்க அனுமதி கிடையாது.

ஆனால் இந்த ஆய்வுக்கு முக்கியமானவை அங்குள்ள மண்கட்டடங்கள். செம்மண்ணோடு ஏறத்தாழ ஐந்து விழுக்காடு சிமெண்ட் கலந்து, ஆரம் அழுத்தப் பொறியில் அழுத்திச் செய்யும் கட்டிகள் சூளையில் வேகாதவை. வருகையாளர் மையத்தின் வளைவுகள் இவற்றால் எழுந்தவை. இங்கே நிறம் தவறினால் பொருளே தவறிவிடும்: கேமரா தானாகச் சரிசெய்யும் வெண்சமநிலை செம்மண்ணைக் காவிச் சாயம் பூசிய சிமெண்ட் போலக் காட்டிவிடும். சாம்பல் அட்டையை ஒரு படத்தில் வைத்தெடுத்துப் பின்னர் நிறத்தைச் சரிசெய்வது கட்டாயம்.

4. பதிவு ஒழுங்கு

ஒவ்வொரு படத்தோடும் திசை, நாள், மணி, அளவுகோல் நான்கும் இருக்கட்டும். தொல்லியல் துறைச் சின்னங்களில் முக்காலி வைக்கவும் ட்ரோன் பறக்கவிடவும் முன் அனுமதி வேண்டும். மூலப் படத்தைத் திருத்தாமல் தனியே காக்க வேண்டும்.

5. நிற்காத கட்டடத்தின் படம்

திண்டிவனத்தை அடுத்த தாதாபுரம் சோழர் காலத்தில் இராசராசபுரம். இராசராசனின் தமக்கை குந்தவை அங்கே சிவனுக்கு இரவிகுலமாணிக்க ஈசுவரம், திருமாலுக்குக் குந்தவை விண்ணகரம், சமணர்க்குக் குந்தவை சினாலயம் என மூன்று எடுப்பித்தாள். சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் இன்றும் நிற்கின்றன. சினாலயத்துக்கு அவள் கொடுத்த கொடையைப் பற்றி அதே ஊரின் கோயில் சுவர்க் கல்வெட்டு பேசுகிறது. ஆனால் சினாலயத்தைக் காணோம். வெயில் சுவரை உரசும் வேளை பார்த்து, அந்த வரிகளை எழுத்தெழுத்தாக எடுத்துவர வேண்டும். அந்தச் சினாலயத்துக்கு இனி எடுக்கக்கூடிய படம் அது ஒன்றுதான்.