விதைக்கு வாதாடிய வக்கீல்

பசுமைப் புரட்சின்னா போர்லாக், எம்.எஸ். சுவாமிநாதன் பேரைத்தான் உடனே சொல்வோம். அந்த விதைக்காக டெல்லியில் வாதாடியவர் கொங்குநாட்டு வக்கீல் ஒருத்தர். சி. சுப்பிரமணியம். சுருக்கமா சி.எஸ்.

1910ல் பொள்ளாச்சிக்குப் பக்கத்துல செங்குட்டைப்பாளையத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சென்னையில் சட்டம் படிச்சு, கோயமுத்தூரில் வக்கீல் தொழில் பார்த்தார். 1942 போராட்டத்தில் சிறை. பிறகு அரசியல் நிர்ணய சபை. 1952லிருந்து பத்து வருசம் சென்னை ராஜ்யத்தில் மந்திரி. 1954ல் முதல்வர் பதவிக்குக் காமராஜரை எதிர்த்து நின்னு தோத்தார். காமராஜரோ அவரையே மந்திரியா வச்சுக்கிட்டார். மதிய உணவுத் திட்டம் வந்தப்போ கல்வி மந்திரி இவர்தான்.

1962ல் டெல்லிக்குப் போனார். 1964ல் சாஸ்திரி உணவு, வேளாண்மை இலாகாவைக் கொடுத்தார். அமெரிக்கக் கப்பல் வந்தாத்தான் ரேஷன்ல கோதுமைங்கிற காலம் அது. 1966ல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்தது.

சி.எஸ். வாதம் எளிமையானது. கட்டுப்படியாகிற விலை கிடைக்காதுன்னா, விவசாயி எதை நம்பி புது விதைக்கும் உரத்துக்கும் காசு போடுவான்? 1965ல் வேளாண் விலைக் கமிஷனும் இந்திய உணவுக் கழகமும் வந்தன. கழகத்தோட முதல் மாவட்ட அலுவலகம் நம்ம தஞ்சாவூரில்தான் திறந்தாங்க.

அடுத்தது விதை. பழைய கோதுமைக்கு உரம் கூடினா உயரமா வளர்ந்து சாஞ்சுரும். மெக்சிகோ குட்டை ரகம் கதிர் பாரத்தைத் தாங்கி நிக்கும். செலவைச் சொல்லி நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி எதிர்த்தார். இடதுசாரிகளும் எதிர்த்தாங்க. சி.எஸ். டெல்லியில் தன் பங்களா புல்வெளியை உழுது, அந்தக் கோதுமையை விதைச்சுக் காட்டினார். 1966ல் 18,000 டன் விதை வந்து இறங்கியது.

1967ல் தேர்தல். அரிசிப் பஞ்சமும் இந்தி எதிர்ப்பும் காங்கிரசைச் சாய்ச்சிருச்சு. 1965ல் மொழிப் பிரச்சினைக்காக ராஜினாமா கடிதம் கொடுத்தவர்தான் சி.எஸ்.; அவரும் கோபிச்செட்டிபாளையத்தில் தோத்தார். 1968ல் கோதுமை 1.6 கோடி டன்னைத் தாண்டி, மூட்டை வைக்க இடமில்லாம பள்ளிக்கூடங்களில் அடுக்கினப்போ, அவர் மந்திரி இல்லை.

பின்னாடி மத்தியில் நிதி மந்திரி, பாதுகாப்பு மந்திரி, மகாராஷ்டிர கவர்னர், 1998ல் பாரத ரத்னா எல்லாம் வந்தது.

அந்த விதையும் உரமும் மண்ணையும் நிலத்தடி நீரையும் என்ன பண்ணுச்சுங்கிறது தனிக் கணக்கு. அதையும் பேசத்தான் வேணும். ஆனா அவர் சேர்த்துக் கேட்டது ரெண்டு: விதை, விலை. விதை எல்லா ஊருக்கும் வந்திருச்சு. விலை, பெரும்பாலும் சர்க்கார் கொள்முதல் பண்ற நெல்லுக்கும் கோதுமைக்கும்தான். தக்காளியை ரோட்டில் கொட்டுற செய்தியைப் பார்த்தா, சி.எஸ். வாதத்தில் பாதி இன்னும் தீர்ப்பாகலைன்னு தெரிஞ்சுக்கோங்க.