தண்டுவட நீர்க் குறிகாட்டிகள் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்)

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் இனி எப்படிப் போகும் என்பதைக் கணிக்க, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரில் தேடப்படும் புரதங்கள். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கச் சொல்லி, இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்துவார்கள். நீர் சொட்டுச் சொட்டாகக் குழாயில் இறங்கும். உடனே கையிலிருந்து ரத்தமும் எடுப்பது அவசியம். ரத்தத்தில் இல்லாமல் இந்த நீரில் மட்டும் தென்படும் ஆன்டிபாடிப் பட்டைகளே (ஆலிகோகுளோனல் பட்டைகள்) முதன்மைச் சான்று. முதல் தாக்குதலின்போதே அவை இருந்தால், மறுதாக்குதலுக்கான வாய்ப்பு கூடுகிறது. 2017-இல் திருத்தப்பட்ட மெக்டொனால்டு விதிகள், நோயை உறுதிசெய்வதிலும் அவற்றுக்கு இடம் தந்தன.

நரம்பிழை சிதையும்போது கசியும் நியூரோஃபிலமென்ட் லைட் புரதம் சேதத்தின் வேகத்தைக் காட்டுகிறது. இதை இப்போது ரத்தத்திலும் அளக்கலாம். ஆனால் பக்கவாதத்திலும் தலைக்காயத்திலும்கூட இது உயரும். ஓர் எண்ணை வைத்து ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்லிவிடக் கூடாது.

இந்திய ஆய்வுகள் பலவற்றில் பட்டைகள் தென்படும் விகிதம் மேலைநாடுகளைவிடக் குறைவு. ஆகவே பட்டை இல்லை என்பதாலேயே நோய் இல்லை என்றாகாது. மேலும், இந்தியாவில் இன்றும் காசநோய் மூளைக்காய்ச்சலை முதலில் விலக்கியாக வேண்டும். அதில் நீரின் சர்க்கரை குறைந்து, புரதம் வெகுவாக ஏறும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் சர்க்கரை இயல்பாகவே இருக்கும், வெள்ளையணுக்கள் பெரும்பாலும் கன மில்லிமீட்டருக்கு 50-ஐத் தாண்டுவதில்லை.